நேராக்கிய வாய்க்கால்

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து இரண்டு இளம் பொறியாளர்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஒருவர் மடிக்கணினியைத் திறந்து ஒரு வரைபடத்தைக் காட்டினார். காரைக்காலில் குளத்தை ஒட்டி இருக்கும் பொதுப் பூங்காவைத் திருத்தி அமைக்கப் போகிறார்களாம். கடைத்தெருவிலிருந்து வரும் மழைத்தண்ணீர் நேராகக் குளத்தில் விழக் கூடாது. பூங்காவுக்குள் புல் வளர்ந்த அகலமான வாய்க்காலில் வளைந்து, மெதுவாக ஓடி, ஒரு பள்ளத்தில் தங்கித் தெளிந்து, அதன் பிறகுதான் குளத்துக்குப் போக வேண்டும். இதுதான் திட்டம். அதற்கு நல்ல நீளமான பெயர் ஒன்றும் வைத்திருந்தார்கள்.

“நம்ம ஊர்ல இந்த மாதிரி முன்னாடி யாரும் செஞ்சதில்லைல்ல சார்? பழைய படம் எதுவும் ஆபீஸ்ல கெடைக்கலை. நீங்க அங்க ஓவர்சீயரா இருந்தீங்கன்னு சொன்னாங்க.”

“செஞ்சிருக்காங்க,” என்றேன். “இதே எடத்துலதான். அதை அழிச்சது நான்.”

அவர்கள் சிரித்தார்கள். வயதானவர் ஏதோ வேடிக்கையாகப் பேசுகிறார் என்று நினைத்திருப்பார்கள். நான் சிரிக்காததைப் பார்த்ததும் ஒருவர் மடிக்கணினியை மூடி வைத்தார். காபி கொடுத்து, தொட்டி எங்கே இருந்தது, மட்டம் எப்படி எடுத்தோம் என்று எனக்கு நினைவிருந்ததைச் சொல்லி அனுப்பினேன். பாதிதான் சொன்னேன்.

நான் காரைக்காலுக்குப் பக்கத்து வரிச்சிக்குடிக்காரன். அப்பாவுக்கு மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் குத்தகை நிலம். ஆறாவது படிக்கும்போதே மண்வெட்டி எடுத்து வாய்க்கால் செதுக்கியவன். தண்ணீர் வருவதற்கு முன்னால் வாய்க்காலில் ஒரு புல் இருக்கக் கூடாது, இருந்தால் கடைமடைக்குத் தண்ணீர் ஏறாது என்பதுதான் எனக்குத் தெரிந்த முதல் பாடம். பள்ளி இறுதி முடித்து, ஓவர்சீயர் படிப்பும் படித்து, எழுபதுகளின் தொடக்கத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். நகராட்சிக் கட்டடத்தை ‘மேரி’ என்று பிரெஞ்சில் சொல்கிற பழைய குமாஸ்தாக்கள் அப்போது இன்னும் இருந்தார்கள். பத்து வருடம் சாலை, மதகு, பள்ளிக்கூடச் சுவர் என்று ஓடியது. என் வேலையில் யாரும் குறை சொன்னதில்லை. அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தப் பூங்கா வேலை வந்தது. கடைத்தெருவுக்கும் குளத்துக்கும் நடுவில் ஒரு பள்ளமான புறம்போக்கு. கடைத்தெருச் சாக்கடை, மாட்டுத் தொழுவங்களின் கழிவு, கழிப்பிடங்களின் கசிவு எல்லாம் மழைக்காலத்தில் அந்தப் பள்ளத்தில் வந்து சேர்ந்து குளத்தில் இறங்கும். குளத்தின் மறு கரையில் ஒரு தெரு. பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்கள். ஒரு காலத்தில் கப்பலுக்குப் போனவர்கள், அப்போது பிள்ளைகளை வளைகுடாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கடலோர ஊர்; அந்தத் தெருவில் எந்த வீட்டுக் கிணற்றிலும் உப்புதான். குளக்கரையில் இருந்த ஒரே ஒரு உறைக்கிணற்றில்தான் நல்ல தண்ணீர். குளத்துத் தண்ணீர் மணலில் ஊறி வருவதால் அந்த ருசி. தெரு முழுக்க அதைத்தான் குடித்தார்கள்.

அலுவலகத்தில் முதலில் போட்டிருந்த திட்டம் எளிது. பள்ளத்தை மணல் கொட்டி மேடாக்குவது, நடுவில் சிமெண்ட் வாய்க்கால் ஒன்றை நேராக இழுத்துக் குளத்தில் விடுவது, மேலே புல்தரை, பெஞ்சு. அந்த நேரத்தில்தான் எனக்கு மேலே இளநிலைப் பொறியாளராகத் தமயந்தி வந்தார். மன்னார்குடிப் பக்கம். வயது இருபத்தாறு. என்னை விடப் பதினோரு வயது சின்னவர். எங்கள் அலுவலகத்தில் அதுவரை பெண் பொறியாளர் யாரும் இருந்ததில்லை. எல்லாரும் ஜே.ஈ. அம்மா என்றோம். நானும் அம்மா என்றுதான் கூப்பிட்டேன். அந்தச் சொல்லை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேகமாகச் சொல்லி முடிப்பேன்.

வந்த முதல் வாரமே அவர் நான்கு ஊறுகாய் பாட்டில்களைக் கழுவி எடுத்துக்கொண்டு என்னைப் பள்ளத்துக்கு அழைத்துப் போனார். மழை தூறிக்கொண்டிருந்தது. சாக்கடை வந்து விழும் இடத்தில் ஒன்று, பள்ளத்தின் நடுவில் ஒன்று, குளத்தின் வாயில் ஒன்று, உறைக்கிணற்றில் ஒன்று என்று தண்ணீர் பிடித்தார். ஒவ்வொன்றிலும் தாள் ஒட்டி இடத்தையும் நேரத்தையும் எழுதி, அலுவலக ஜன்னலில் வரிசையாக வைத்தார். மூன்று நாள் யாரும் தொடக் கூடாது. நான்காம் நாள் பாட்டிலோடு ஒரு ஸ்கேலைச் சேர்த்துப் பிடித்து, அடியில் தங்கிய சேறு எவ்வளவு என்று கோடு பார்த்து நோட்டில் எழுதினார். பியூன் முகத்தைச் சுளித்துக்கொண்டே ஜன்னலைத் திறந்து வைத்தார்.

“மணலைக் கொட்டி மூடினா இந்தச் சேறு எங்க போகும்?” என்று என்னைக் கேட்டார்.

“வாய்க்கால்ல போயிரும்மா.”

“வாய்க்கால் எங்க போகுது?”

நான் குளத்தைப் பார்த்தேன். அவரும் மேலே கேட்கவில்லை. அவருடைய தன்மையே அப்படித்தான். ஒரு கேள்வியை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கட்டிய சுவர் சரியில்லை என்றால், “இதை இன்னொரு தடவை பாத்துரலாமா?” என்பார். இடித்துக் கட்டு என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று கொத்தனார்கள் ஒரு மாதத்தில் புரிந்துகொண்டார்கள்.

அவர் போட்ட திட்டத்தில் சிமெண்டே குறைவு. சாக்கடை வந்து விழும் இடத்தில் ஆளுயரத்துக்கு ஒரு தொட்டி. கனமான மண்ணும் குப்பையும் அங்கேயே தங்கிவிடும். அங்கிருந்து பத்தடி அகலத்தில், முழங்கால் ஆழம்கூட இல்லாத ஒரு மண் வாய்க்கால், பூங்காவை மூன்று தடவை வளைந்து போகும். அடியில் கோரை. கரையோரம் நெருக்கமாக வெட்டிவேர். மேலே அருகம்புல். வாய்க்கால் முடிகிற இடத்தில் ஆழமில்லாத ஒரு பள்ளம், அதன் வாயில் செருகி எடுக்கிற மாதிரி மரப்பலகை. பருவத்தின் முதல் மழைத்தண்ணீர்தான் ஊர் அழுக்கையெல்லாம் அள்ளிக்கொண்டு வரும். அது வரும்போது பலகை அடைத்திருக்க வேண்டும். அந்தத் தண்ணீர் பள்ளத்திலேயே கிடந்து வற்றட்டும். அடுத்த மழைகளுக்குப் பலகையை மேலே இருந்து ஒவ்வொன்றாக எடுத்து, தெளிந்த மேல்தண்ணீரை மட்டும் குளத்துக்கு விட வேண்டும்.

மட்டம் பார்த்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. கருவி நாகப்பட்டினத்திலிருந்து வர வேண்டும். அது வரும் வரைக்கும் காத்திருக்க முடியாது என்று, கண்ணாடி மாதிரித் தெரியும் ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி, நான் ஒரு முனை, அவர் ஒரு முனை. குழாயில் காற்றுக்குமிழி இருந்தால் கணக்கு தப்பும். அதனால் குழாயை விரலால் தட்டித் தட்டிக் குமிழியை வெளியேற்றுவார். நூறு அடிக்கு இரண்டே அங்குலம் சரிவு. அதற்கு மேல் போனால் தண்ணீர் ஓடிவிடும், தங்காது. ஒரு முழுப் பகல் வெயிலில் நாங்கள் மட்டத்துக்கு முளைக்குச்சி அடித்தோம். மாலையில் ஒரு முளை அரை அங்குலம் கூடிவிட்டதைக் கண்டுபிடித்து, அத்தனையையும் முதலிலிருந்து பார்த்தார். எனக்கு எரிச்சல். வாய்க்காலில் தண்ணீர் ஓடத்தானே மட்டம் பார்ப்பார்கள், இவர் ஓடாமல் இருக்க மட்டம் பார்க்கிறாரே என்று.

அப்போதுதான் சுல்தான் மரைக்காயர் பழக்கமானார். மறு கரைத் தெருவில் முதல் வீடு. இளமையில் பினாங்குக் கப்பலில் வேலை பார்த்தவர். மகன் சவுதியில். வீட்டில் அவரும் மருமகள் ஜைனபும்தான். கைத்தடியை ஊன்றிக்கொண்டு தினமும் வந்து நிற்பார்.

“என்ன தம்பி, பூங்கான்னு சொன்னாங்க. கோரை நடுறீங்க. பாய் முடையப் போறீங்களா?”

“அம்மாட்ட கேளுங்க பாய். எனக்குத் தெரியாது.”

தமயந்தி அவருக்குப் பொறுமையாக விளக்கினார். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, “அல்லா வெச்ச வழி. பாப்பம்,” என்று போனார். மறுநாள் சாயங்காலம் ஜைனப் வேலையாட்கள் எல்லாருக்கும் ஒரு பெரிய தட்டில் இறால் வைத்துப் பொரித்த வாடா போட்டு, துணியால் மூடி, மாமனாரிடம் கொடுத்துவிட்டிருந்தார். அந்தப் பெண்ணை நான் இரண்டு மூன்று தடவை கிணற்றடியில் பார்த்திருக்கிறேன். முக்காட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் கயிறு இழுப்பார்.

அந்த ஐப்பசி மழையில் வாய்க்கால் வேலை செய்தது. தொட்டியில் இடுப்பளவு சேறு. முதல் தண்ணீர் பள்ளத்தில் தேங்கி நாறியது, பலகையைத் திறக்கவில்லை. மூன்றாவது மழைக்குப் பிறகு தமயந்தி பாட்டில்களை ஜன்னலில் வைத்தார். சாக்கடை வாயில் பிடித்தது காபி மாதிரி. குளத்து வாயில் பிடித்ததை வெளிச்சத்தில் தூக்கினால் அந்தப் பக்கம் இருந்த காலண்டரில் தேதி தெரிந்தது. மரைக்காயர் வந்து பார்த்தார். அன்றைக்கு அவர் ஒன்றும் கேலி பேசவில்லை. “கெணத்துல இந்த வருஷம் பாசி வாடை இல்லைங்கம்மா,” என்று மட்டும் சொன்னார். தமயந்தி அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

நான் மகிழ்ந்திருக்க வேண்டும். முளை அடித்ததும், கோரை நட்டதும் என் கைகள்தான். ஆனால் எல்லாரும் ஜே.ஈ. அம்மா வாய்க்கால் என்றார்கள்.

அடுத்த வருடம் ஆனி மாதம் அவரை ஆறு மாதப் பயிற்சிக்குப் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். போகுமுன் ஒரு தாளில் எனக்கு எழுதிக் கொடுத்தார். தொட்டியை ஆடிக்குள் சுத்தம் செய்யவும். கோரையையும் வெட்டிவேரையும் மழைக்கு முன்னால் வெட்டக் கூடாது. முதல் மழைக்குப் பலகை அடைத்திருக்க வேண்டும். எதிலும் சந்தேகம் இருந்தால் எனக்கு எழுதவும். கீழே புதுச்சேரி விலாசம்.

ஆவணியில் பெரிய இன்ஜினியர் வந்தார். தமயந்திக்கு மேலே, எங்கள் எல்லாருக்கும் மேலே இருந்தவர். பூங்காவைத் திறந்து வைக்க ஒரு முக்கியப் பிரமுகர் வரப் போகிறார், இரண்டு வாரம்தான் இருக்கிறது என்றார். கோரை அப்போது நெஞ்சளவு வளர்ந்து நின்றது. அதற்கு முந்தின வாரம் அதற்குள் ஒரு சாரைப்பாம்பைப் பார்த்ததாகக் கடைத்தெருவிலிருந்து ஒரு மனு வந்திருந்தது. அதை அவர் கையில் வைத்திருந்தார்.

“என்னய்யா இது, பூங்காவா பொதரா? இதுக்குள்ள வந்து யாரு ரிப்பன் வெட்டுறது?”

“ஜே.ஈ. அம்மா தண்ணி தெளியறதுக்காக வெச்சது சார்.”

“நீ வெவசாயக் குடும்பம்தானே. வாய்க்கால்ல எவனாவது புல்லு வளப்பானா?”

இந்த ஒரு கேள்விதான். இதற்குமேல் அவர் என்னை வற்புறுத்தவில்லை. “வளப்பானா சார்,” என்று நான் சிரித்தேன். எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். புதுச்சேரிக்கு ஒரு தந்தி அடித்திருக்கலாம். தபால் நிலையம் பூங்காவிலிருந்து பார்த்தால் தெரியும். பயத்தால்தான் அதையெல்லாம் செய்யாமல் விட்டேன் என்று ரொம்ப வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பயம் இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு வருடம் புரியாத வேலையைச் செய்தவனுக்குத் தெரிந்த வேலை கையில் கிடைத்த சந்தோஷம்.

நாற்பது ஆட்களை விட்டு ஒன்பது நாளில் முடித்தேன். கோரையைப் பிடுங்கினோம். வெட்டிவேர் லேசில் வரவில்லை; கடப்பாரை போட்டுத்தான் நெம்ப வேண்டியிருந்தது. வளைவுகளை மூடினோம். தொட்டியைத் தூர்த்து, அதன் மேலே கல்வாழை நட்டோம். சாக்கடை வாயிலிருந்து குளம் வரைக்கும் நூல் பிடித்து ஒரு சிமெண்ட் வாய்க்கால். பள்ளத்தை மேடாக்கி ஒரு சின்ன நீரூற்று. புதுப் புல் சீக்கிரம் பிடிக்க வேண்டும் என்று எட்டு வண்டி மாட்டெரு அடித்துப் பரப்பினேன். ஓரக் கற்களுக்குச் சுண்ணாம்பு. உண்மையிலேயே அழகாக இருந்தது. பிரமுகர் வந்து, நல்லா வெச்சிருக்கீங்க என்று எனக்கு ஒரு துண்டு போர்த்தினார்.

மழை அந்த வருடம் புரட்டாசிக் கடைசியிலேயே பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடாத மழை. கடைத்தெருவில் ஒரு சொட்டு நிற்கவில்லை. கடைக்காரர்கள் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு என் வாய்க்காலின் கரையில் நின்று பார்த்தேன். எரு, சாணி, கடைத்தெரு அழுக்கு எல்லாம் கலந்து கருப்பும் மஞ்சளுமாகத் தண்ணீர் அம்பு மாதிரிப் போய்க் குளத்தில் விழுந்தது. முந்தின வருடம் ஒரு வாரமாக ஏறிய குளம், ஒரே பகலில் ஏறிவிட்டது.

மழை விட்ட மறுநாள் மரைக்காயர் தடியை ஊன்றிக்கொண்டு என்னைத் தேடி வந்தார்.

“தம்பி, கெணத்துத் தண்ணி நெறம் மாறிக் கெடக்கு. செத்த வந்து பாத்துச் சொல்லுங்க. வீட்டுல புள்ளத்தாச்சிப் பொண்ணு இருக்கு.”

போனேன். உறையின் மேல் விளிம்பில் ஈரச் சேறு கோடு போட்ட மாதிரிப் படிந்திருந்தது. குளம் ஏறி, விளிம்பைத் தாண்டி, கிணற்றுக்குள் வழிந்திருக்கிறது. பத்து வருடம் வேலை பார்த்த ஓவர்சீயருக்கு அந்தக் கோடு என்னவென்று தெரியாதா? வாளியில் மொண்டு கொடுத்தார். முகர்ந்தேன். லேசாக வாடை இருந்தது. ஜைனப் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளி நின்றிருந்தார். மாசியில் கணவர் விடுப்பில் வந்து போயிருந்தார்; வயிறு நன்றாகத் தெரிந்தது.

கிணற்றை இறைத்துவிடுங்கள், அதுவரை குடிக்காதீர்கள் என்று நான் சொல்லியிருந்தால், ஏன் என்று கேட்டிருப்பார். ஏன் என்றால் வாய்க்காலைச் சொல்ல வேண்டும்.

“புது மழை பாய். ரெண்டு நாள்ல தெளிஞ்சிரும். குடிக்கலாம்,” என்றேன்.

“அப்ப சரி தம்பி. நீங்க சொன்னா சரி.”

அவர் தலையாட்ட, அந்தப் பெண் குடத்தைக் கீழே வைத்துக் கயிற்றை எடுத்தார்.

அடுத்த மாதம் அந்தத் தெருவில் மஞ்சள் காமாலை வந்தது. முதலில் இரண்டு வீடு. பிறகு வீட்டுக்கு வீடு. மற்றவர்கள் கீழாநெல்லி தின்று, பத்தியம் இருந்து, மெலிந்து எழுந்துவிட்டார்கள். பிள்ளைத்தாச்சிக்கு அது தாங்காது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். ஜைனப் நான்கு நாள் கிடந்தார். கடைசி ஒரு நாள் நினைவில்லை. பிள்ளையும் தங்கவில்லை. சவுதிக்குத் தந்தி போயிற்று. மகன் வந்து சேர ஒரு வாரம் ஆகும் என்று, பள்ளிவாசலில் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டார்கள். நான் தெருமுனை வரை போனேன். ஜைனபின் மையத்தைத் தூக்கிக்கொண்டு வந்தபோது ஒதுங்கி நின்றேன். மரைக்காயர் என்னைப் பார்த்தார்.

டாக்டர், தண்ணீரில்தான் வந்திருக்கும், ஆனால் எந்தத் தண்ணீர் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றார். கோரை இருந்திருந்தால் அந்தப் பெண் பிழைத்திருப்பார் என்று இன்றைக்கும் என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால், குடிக்காதே என்று சொல்லியிருந்தால் குடித்திருக்க மாட்டார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தமயந்தி பயிற்சி முடிந்து வந்தார். பூங்கா வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, வெகுநேரம் உள்ளே வரவில்லை. பிறகு வாய்க்காலின் ஓரமாகவே குளம் வரை நடந்து போய்த் திரும்பி வந்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“யார் சொன்னாங்க?” என்று கேட்டார்.

“பெரியவர் சொன்னாரும்மா.”

“எழுத்துல இருக்கா?”

“இல்லைங்கம்மா.”

“எனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாமே.”

அவ்வளவுதான். அன்றைக்கே பாட்டில்களை எடுத்துக்கொண்டு போனார்.

காமாலைச் சாவை விசாரிக்கப் புதுச்சேரியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நீள மேசை. ஒரு பக்கம் பெரிய இன்ஜினியர். எதிரே தமயந்தி, நோட்டும் பாட்டில்களுமாக. எனக்கு முந்தின நாளே பெரிய இன்ஜினியர் சொல்லி அனுப்பியிருந்தார்: நான் ஒன்றும் எழுதித் தரவில்லை, உனக்கு அடுத்த வருடம் பதவி உயர்வுப் பட்டியல் வருகிறது, பார்த்துப் பேசு.

அதிகாரி என்னைக் கேட்டார்: “கோரையை எடுக்கச் சொன்னது யார்?”

பெரிய இன்ஜினியர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஜே.ஈ. அம்மா போறப்ப சுத்தம் செய்யச் சொல்லி எழுதிக் குடுத்துட்டுப் போனாங்க சார்,” என்றேன்.

தாளில் அந்தச் சொல் இருந்தது. தொட்டியைச் சுத்தம் செய்யவும். அந்த ஒரு சொல்லை மட்டும் நான் பிய்த்து எடுத்தேன்.

தமயந்தி என் பக்கம் திரும்பவில்லை. அதிகாரியிடம், “அந்தத் தாள்ல நாலு வரி எழுதியிருக்கேன் சார். முழுசா வாங்கிப் படிச்சா போதும்,” என்றார்.

“தாள் எங்கே?”

“மழையில நனைஞ்சு போச்சு சார். இப்ப இல்லை,” என்றேன்.

அது என் மேசையின் இழுப்பறையில் இருந்தது. நகல் அவரிடம் இல்லை. என்னை நம்பி ஒரே பிரதியாகக் கொடுத்திருந்தார்.

பொதுப் பூங்காவில் யாரும் சோதித்துப் பார்க்காத முறையைக் கையாண்டது தவறு, தெளிவில்லாத உத்தரவு கொடுத்தது இன்னொரு தவறு, ஒரு கர்ப்பிணியின் சாவுக்கும் அதுவே காரணம் என்று எழுதி, தமயந்தியை ஏனாமுக்கு மாற்றினார்கள். புதுச்சேரியைச் சேர்ந்ததுதான், ஆனால் ஆந்திராவுக்குள் இருக்கிறது அது. அவருக்குத் தெலுங்கு தெரியாது. போகிற அன்று மேசையைக் காலி செய்துகொண்டிருந்தார். நான் கதவருகே போய் நின்றேன். என்ன சொல்லப் போனேன் என்று எனக்கே தெரியாது.

“அந்தக் கெணத்தை மூடச் சொல்லுங்க,” என்றார். “தெருவுக்கு லாரித் தண்ணி கேட்டு எழுதுங்க. குழாய் வர்ற வரைக்கும் விடாம எழுதுங்க. அதை மட்டும் செய்யுங்க.”

செய்தேன். விடாமல் எழுதினேன். இரண்டு வருடத்தில் குழாய் வந்தது. என் பணிக்காலத்தில் ஒழுங்காகச் செய்த வேலை அது ஒன்றுதான் என்று சில சமயம் தோன்றும். அதுவும் அவர் சொல்லிச் செய்தது. எனக்குப் பதவி உயர்வும் வந்தது.

எண்பதுகளின் கடைசியில் ஒருநாள் மரைக்காயர் வீட்டுக்குப் போனேன். கண் பார்வை மங்கி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குரலை வைத்து அடையாளம் கண்டு, “வாங்க தம்பி, உக்காருங்க,” என்றார். தேநீர் வந்தது. குடிக்காமல் சொன்னேன்.

“பாய், அன்னைக்குக் குடிக்கலாம்னு சொன்னேன். ஒறை மேல சேறு படிஞ்சிருந்ததைப் பாத்துட்டுத்தான் சொன்னேன். வாய்க்காலை நேராக்குனதும் நான்தான். அந்த அம்மா இல்லை.”

அவர் தடியின் பிடியைத் தடவினார்.

“குடிக்கலாம்னு நீங்க சொன்னது எனக்குத் தெரியாதா தம்பி? கேட்டது நான்தானே. என் மவன்ட்டச் சொல்லலை. சொன்னா உங்களைத் தேடி வந்திருப்பான். இன்னொரு வீடும் அழியும்னு விட்டுட்டேன்.” பிறகு கேட்டார்: “வாய்க்கா விஷயம் புதுசு. நாங்க அந்த இன்ஜினியர் பொண்ணு மேல வருத்தமா இருந்தோம். அதுட்டச் சொன்னீங்களா?”

“இல்லை பாய்.”

“அப்ப என்கிட்ட எதுக்கு வந்தீங்க?”

அடுத்த வாரமே கிளம்பினேன். சென்னை வரை பேருந்து, காக்கிநாடா வரை ரயில், மறுபடி பேருந்து. தமயந்தி ஏனாமில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வடிகால் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். காதோரம் நரைத்திருந்தது. ஆட்களிடம் தெலுங்கில் சரளமாகப் பேசினார். என்னைப் பார்த்ததும் வேலையை நிறுத்தாமல், ஒரு முளையை அடித்து முடித்துவிட்டு வந்தார்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தாள் என்னிடம் இருந்ததையும் சொன்னேன். முடித்ததும், அந்தக் கிணற்றில் இப்போது யாரும் எடுப்பதில்லையே என்று கேட்டார். இல்லை, மூடியாகிவிட்டது என்றேன்.

“என் பதவி உயர்வு மூணு தடவை நின்னு போச்சு,” என்றார். “ஒவ்வொரு தடவையும் அந்த விசாரணைக் காகிதம் மேல வருது. அது பரவாயில்லை. ஒரு புள்ளத்தாச்சி செத்ததுக்கு நான் காரணம்னு அதுல இருக்கு. அதைப் படிச்சவங்க என்னை ஒரு மாதிரி பாக்குறாங்க.” பையைத் தோளிலிருந்து இறக்கி, “இப்ப என்கிட்ட சொன்னதை எழுத்துல குடுப்பீங்களா?” என்று கேட்டார்.

பெரிய இன்ஜினியர் அப்போது இன்னும் பெரிய பதவியில் இருந்தார். என் மகள் கல்லூரியில் சேர்ந்திருந்த வருடம். ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் தமயந்தியின் பையிலேயே இருந்தன.

“ஊருக்குப் போயி, நிதானமா எழுதி அனுப்பிர்றேம்மா,” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். புரிந்துகொண்டார் என்று எனக்குத் தெரிந்தது. “சரி,” என்றார். பிறகு, சாப்பிட்டாயிற்றா என்று கேட்டு, ஒரு ஆளைக் கூப்பிட்டு, என்னைப் பேருந்து நிற்கும் இடத்தில் விட்டுவரச் சொன்னார்.

நான் எழுதி அனுப்பவில்லை. அந்த வருடம் ஒரு காரணம். அடுத்த வருடம் வேறொன்று. மகள் கல்யாணம், பிறகு ஓய்வூதியம். பெரிய இன்ஜினியர் இறந்த பிறகு ஏனாமுக்கு ஒரு கடிதம் போட்டேன். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று திரும்பி வந்தது. வேலையை விட்டுவிட்டு எங்கோ போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். எங்கே என்று சொல்ல யாரும் இல்லை.

ஆகவே இதை எழுத்தில் கொடுக்கிறேன். காரைக்கால் பூங்காவில் கோரையையும் வெட்டிவேரையும் வெட்டும்படி தமயந்தி உத்தரவிடவில்லை; வெட்டக் கூடாது என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தார். வாய்க்காலை நேராக்கியவன் நான். தாளை மறைத்தவன் நான். அந்தத் தண்ணீரைக் குடிக்கலாம் என்று சொன்னவனும் நான்தான்.

இப்படிக்கு, ரா. கலியபெருமாள், ஓவர்சீயர்.